‘பாப்பம்’ என்பதற்கும் ‘வாறன்’ என்பதற்கும் இடையில்

கேள்வி:

எனக்கு வயது 38. சொந்த இடம் யாழ்ப்பாணம். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து 12 வருடம், இருப்பது வெள்ளவத்தையில். கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள். மூன்று காரியங்களை வருடக்கணக்காக முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். ஒன்று, சிங்களம் பேசப் பழகுவது. மூன்று தரம் வகுப்பில் சேர்ந்து மூன்று தரமும் இடையில் நின்றுவிட்டேன். கடைசித் தரம் மகனுக்குக் காய்ச்சல் என்று இரண்டு வகுப்பு விட்டேன். பிறகு அந்தப் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது. மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும், தாதி கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் போனைக் கணவரிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். இரண்டு, காலையில் நடப்பது. வெறும் வயிற்றில் சீனி 112 என்று வந்தது, டொக்டர் கட்டாயம் நடக்கச் சொன்னார். சப்பாத்தும் வாங்கிவிட்டேன். மேல்மாடியில் இருக்கும் சிங்கள அக்கா தினமும் ஐந்தரைக்கு மெரின் டிரைவில் நடக்கப் போகிறவர். படியில் காணும்போதெல்லாம் “எனவாத?” (வருகிறீர்களா?) என்று கேட்பார். நான் “பலமு” (பார்ப்போம்) என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். மூன்று, கணக்கியல் பரீட்சையில் மிச்சமிருக்கும் இரண்டு பாடங்களை முடிப்பது. அது அப்பாவின் ஆசை. அப்பா இப்போது இல்லை. சஷ்டி முடியட்டும், பிறகு மூன்றையும் தொடங்குவோம் என்று போன வருடம் நினைத்தேன் (சஷ்டி விரதம் 11 வருடமாக ஒரு முறையும் விட்டதில்லை). சஷ்டி முடிந்தது, ஒன்றும் தொடங்கவில்லை. “உனக்கு உண்மையான விருப்பமில்லை, சும்மா முயற்சி செய்யிறன் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாய்” என்கிறார் கணவர். உண்மையான உறுதி என்றால் என்ன? எனக்கு அது பிறவியிலேயே இல்லையா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்துபோன அந்த ஒரு வரியை நான் நாலைந்து தரம் வாசித்தேன். 11 வருடம் சஷ்டி விரதம், ஒரு முறையும் விட்டதில்லை. உறுதி தனக்குப் பிறவியிலேயே இல்லையோ என்று கேட்கும் ஒருவர் எழுதிய வரி அது! அந்த நாட்களில் நீங்கள் கந்தோருக்குப் போயிருப்பீர்கள், பிள்ளைகளுக்குச் சமைத்திருப்பீர்கள். சில வருடங்களில் மாத முடிவுக் கணக்கும் அதே நேரத்தில் வந்து விழுந்திருக்கும். விரதம் நின்றதா? இல்லை.

அந்த ஆறு நாளும் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். எப்போது தொடங்குவது என்பது உங்கள் மனநிலையின் கையில் இல்லை. ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த நாள் என்று பஞ்சாங்கம் சொல்லிவிடுகிறது. எதைச் சாப்பிடலாம், எந்த நேரத்துக்குப் பிறகு என்பதும் தெரிந்த விஷயம். முதல் நாளே அடுப்படியைக் கழுவி, மச்சச் சட்டிகளை ஒதுக்கி வைக்கிறீர்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பின்னேரம் கோயிலில் உங்களைப்போல இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். ஏழாம் நாள் பாறணை, ஆகவே முடிவும் தெரியும். கந்தோரில் யாராவது பிறந்தநாள் கேக்கை நீட்டினால் “நான் விரதம்” என்கிறீர்கள். “சாப்பிடாமல் இருக்க முயற்சி செய்யிறன்” என்று நீங்கள் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொன்னால், நீட்டியவர் இன்னொரு தரம் நீட்டுவார்.

பசிக்கும், தலையிடிக்கும். ஆனால் ஒவ்வொரு வேளையும் ‘சாப்பிடுவதா, விடுவதா’ என்று மனதுக்குள் வழக்கு நடப்பதில்லை. தீர்ப்பு முன்னமே சொல்லியாகிவிட்டது. நான் உறுதி என்று சொல்வது இதைத்தான். நெஞ்சுக்குள் எரியும் ஏதோ ஒரு வேகத்தையே உறுதி என்று நாங்கள் நினைத்துப் பழகிவிட்டோம். அதனால் அந்த வேகம் தணிந்த அன்று, உறுதியும் போய்விட்டது என்று பயப்படுகிறோம். 11 வருடமும் உங்களுக்கு ஆறு நாளும் ஒரே பக்திப் பரவசமாகவா இருந்திருக்கும்? சில வருடம் வெறும் களைப்பாகத்தான் இருந்திருக்கும். அந்த வருடமும் விரதம் விரதமாகவே நடந்திருக்கிறது.

இனி மற்றச் சொல்லுக்கு வருகிறேன். மேலே உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் ‘முயற்சி’ என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. அந்தச் சொல் ஒருகாலத்தில் கனமான சொல். இப்போது நாங்கள் அதைப் பெரும்பாலும் ‘பாப்பம்’ என்ற பொருளில்தான் பயன்படுத்துகிறோம். மேல்மாடி அக்காவிடம் நீங்கள் சொல்லும் ‘பலமு’வும் சொல்லுக்குச் சொல் அதே ‘பாப்பம்’தான். இரண்டு மொழியிலும் அது நல்ல சொல். கேட்டவரின் முகம் வாடாமல் மறுப்பதற்கு உதவுகிறது, ஊருக்குள் அது தேவையும்கூட. தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொள்ளும்போது நடப்பது வேறு. ‘நடக்க முயற்சி செய்கிறேன்’ என்றால், எந்த நாளில் நீங்கள் தவறினீர்கள்? எந்த நாளிலும் இல்லை. நடக்காத நாளும் முயற்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சப்பாத்து வாங்கியதும் முயற்சிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வாக்கே கொடுக்கவில்லை, ஆகவே வாக்குத் தவறவும் இல்லை. ஆனால் மனம் விட்டுவிடுவதில்லை, குற்ற உணர்ச்சியை மட்டும் மாதா மாதம் கூட்டிக்கொண்டே போகிறது. ஒன்றும் செய்யாமலே களைத்துப்போகிறீர்கள் என்றால் காரணம் இதுதான்.

இதை உளவியலாளர்கள் நீண்ட காலமாகச் சோதித்து வந்திருக்கிறார்கள். எட்வின் லொக், கரி லேதம் என்ற இருவரும் இலக்கு வைப்பதைப் பற்றிய 35 வருட ஆய்வுகளைத் திரட்டி 2002இல் எழுதினார்கள். ‘உங்களால் இயன்றதைச் செய்யுங்கள்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான ஓர் இலக்குக் கொடுக்கப்பட்டவர்கள் தொடர்ந்து நன்றாகச் செய்தார்கள். காரணம் எளிது. ‘இயன்றது’ எவ்வளவு என்பதற்கு வெளியே ஓர் அளவு இல்லை, அன்றன்றைக்கு எவ்வளவு செய்தோமோ அதுவே இயன்றது என்று ஆகிவிடுகிறது. கணக்குப் பகுதியில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ‘இயன்றளவு செலவு செய்யுங்கள்’ என்று யாராவது பட்ஜெட் எழுதுவார்களா?

சீட்டையும் யோசித்துப் பாருங்கள். ‘கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கப் பார்க்கிறேன்’ என்று சொல்லும் அதே ஆள், கந்தோரில் சீட்டுப் பிடித்தால் மாதம் தவறாமல் கட்டுகிறார். மாதம் இன்ன திகதி, இவ்வளவு காசு, கட்டாவிட்டால் இன்ன ஆளுக்கு எடுக்க இருக்காது. அவருடைய குணம் மாறவில்லை, ஏற்பாடு மாறியிருக்கிறது.

ஏற்பாடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீற்றர் கோல்விட்சர் காட்டினார். 1990களில் அவரும் ஒரு சக ஆய்வாளரும் மாணவர்களிடம், நத்தார் விடுமுறைக்குள் ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பும்படி கேட்டார்கள். பாதிப்பேரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் இருந்து எழுதுவீர்கள் என்பதையும் எழுதித்தரச் சொன்னார்கள். அப்படிக் குறித்துக் கொடுத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் உரிய நேரத்தில் எழுதினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். எழுத ஒப்புக்கொண்டவர்கள்தான் இரண்டு பகுதியினரும். இவர்களுக்கு இருந்து அவர்களுக்கு இல்லாமல் போனது குறித்துவைத்த ஓர் இடமும் ஒரு நேரமும் மட்டுமே.

ஆகவே உங்கள் கணவர் சொன்னதில் பாதிதான் சரி. சும்மா முயற்சி என்றது சரி. விருப்பமில்லை என்றது பிழை. ஆஸ்பத்திரியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை எழுதியவருக்கு விருப்பமில்லை என்று நான் நம்பமாட்டேன். இன்னொன்றையும் அவர் வாசிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். விரதத்துக்காக வீட்டு அடுப்படியே மாறுகிறதே, உங்கள் நடைக்காக வீட்டில் என்ன மாறியது? காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை பிள்ளைகளின் பால், சாப்பாட்டுப் பெட்டி, சீருடை எல்லாம் யார் கையில்? அந்த முக்கால் மணி நேரத்தை அவர் பொறுப்பெடுத்தால், அது நீங்கள் வாங்கிய சப்பாத்தைவிடப் பெரிய உதவி. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் பெண்களிடம் ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதை நான் ஏற்பதில்லை. மார்க்கத்தில் பாதி மற்றவர்கள் விடும் வழி.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். நானும் கொழும்புக்கு வந்து நாலு வருடம் சிங்களம் பழக ‘முயற்சி’ செய்தவள்தான். ஒருநாள், மகனை இழந்த ஒரு சிங்களத் தாய் உளவளத்துணைக்கு என்னிடம் வந்தார். பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்க்க, அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்து அழுதார். நான் மொழிபெயர்ப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவரிடம் போய், சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன், ஒரு மணி நேரம் நீங்கள் எனக்குச் சிங்களம், அடுத்த ஒரு மணி நேரம் நான் உங்கள் மகளுக்குத் தமிழ் என்று பேசி முடித்தேன். இரண்டு வருடம் நடந்தது. பல சனிக்கிழமை எனக்குப் போக மனமே இருக்காது. ஆனால் நாலு மணிக்கு அந்தப் பிள்ளை கொப்பியோடு காத்திருக்கும், அதனால் போனேன்.

இனி உங்கள் மூன்று காரியங்கள். மூன்றையும் ஒரே நாளில் தொடங்க நினைத்ததே முதல் பிழை. யாரும் மூன்று விரதத்தை ஒன்றாகப் பிடிப்பதில்லை.

பரீட்சையைப் பற்றி நேரே சொல்கிறேன், மனம் நோக வேண்டாம். சிங்களத்தைப் பற்றி எழுதும்போது தாதியின் கேள்வி வருகிறது, நடையைப் பற்றி எழுதும்போது 112 வருகிறது. பரீட்சையைப் பற்றி எழுதிய இடத்தில் அப்பா மட்டுமே இருக்கிறார். அந்த இரண்டு பாடங்களும் உங்களுக்கு எதற்கு என்று முழுக் கடிதத்திலும் ஓரிடத்தில்கூட இல்லை. பதவி உயர்வுக்குத் தேவை என்றால் அதை எழுதியிருப்பீர்கள். அப்பாவின் மேலுள்ள பாசத்துக்குப் பாடப் புத்தகத்தில்தான் இடம் கொடுக்க வேண்டும் என்றில்லை. இந்த வருடத்துக்கு அதை இறக்கி வையுங்கள். ‘பிறகு பாப்பம்’ என்று அலுமாரிக்கு மேல் தூக்கி வைக்காமல், ‘இந்த வருடம் எழுதவில்லை’ என்று வாய்திறந்து கணவரிடம் சொல்லுங்கள். புத்தகங்களை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். செய்யப்போவதில்லை என்று தெளிவாக முடிவெடுப்பதும் உறுதியில் சேர்ந்ததுதான். அடுத்த தை மாதம் அதே கேள்வியைப் புதிதாகக் கேட்கலாம். அப்போது உங்களுக்கென்று ஒரு காரணம் வந்தால் எழுதுங்கள்.

நடையைத் தள்ளிப்போட இடமில்லை. வெறும் வயிற்றில் 100க்கும் 125க்கும் இடையில் இருப்பது நீரிழிவுக்கு முந்திய நிலை என்று டொக்டர் சொல்லியிருப்பார். உங்கள் நிலையில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பும், உடல் நிறையில் 7 வீதக் குறைப்பும் என்று இலக்கு வைத்தவர்களிடம் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்குக்கூட அவ்வளவு குறையவில்லை. 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். உங்கள் வீட்டிலிருந்து மெரின் டிரைவில் இறங்கி, ரயில் பாதையை ஒட்டிப் பம்பலப்பிட்டிப் பக்கம் பதினைந்து நிமிடம் போய்த் திரும்பினால் அன்றைய கணக்கு முடிந்தது.

சிங்களத்துக்கு நாலாவது வகுப்பைத் தேட வேண்டாம். உங்கள் ஆசிரியை மேல்மாடியில் இருக்கிறார், தினமும் படியில் நின்று உங்களைக் கூப்பிட்டுக்கொண்டும் இருக்கிறார். கடிதத்தில் இதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கவனித்ததாகத் தெரியவில்லை. அவரோடு அரை மணி நேரம் நடந்தால் அரை மணி நேரம் பேச்சும் நடக்கும். லொக்கும் லேதமும் சொன்ன இன்னொன்று இங்கே பொருந்தும். புதிதாகப் பழகும் சிக்கலான விஷயத்தில் ‘மார்கழிக்குள் சரளமாகப் பேசுவேன்’ என்று விளைவை இலக்காக வைத்தால் பதற்றம்தான் கூடும். பழகுவதையே இலக்காக வைக்க வேண்டும். ஒரு நடைக்கு மூன்று வசனம் போதும். முதல் வாரம் மகனின் காய்ச்சலைப் பற்றித் தாதி கேட்கக்கூடிய கேள்விகளையே கேட்டுப் பழகுங்கள்: எத்தனை நாளாக, எவ்வளவு காய்ச்சல், என்ன மருந்து கொடுத்தீர்கள். திரும்பி வந்ததும் ஒரு கொப்பியில் தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள். சிங்கள எழுத்து பிறகு வரட்டும். பதிலுக்கு அக்காவும் உங்களிடமிருந்து தமிழ் கேட்பார் என்று எனக்குப் படுகிறது, கேட்டால் கொடுங்கள்.

எவ்வளவு காலத்துக்கு? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. 18 நாளில் பழகியவரும் உண்டு, 254 நாள் தேவைப்படும் என்று கணக்கிடப்பட்டவரும் உண்டு. ஆகவே பத்து வாரம் என்று வைத்துக்கொள்வோம். வருகிற திங்கட்கிழமை தொடங்கி எழுபதாம் நாளைக் கலண்டரில் வட்டம் போடுங்கள். அதுதான் உங்கள் பாறணை. அன்று உட்கார்ந்து, தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா என்று கேளுங்கள். அதற்கு முன் எந்த விடியற்காலையிலும் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். ஐந்தேகாலுக்கு அரை நித்திரையில் இருக்கும் மனம் நல்ல நீதிபதி இல்லை.

அதே ஆய்வில் உங்களுக்கு மிகவும் தேவையான இன்னொரு செய்தி இருக்கிறது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்கள் மூன்றாவது வகுப்பை முறித்தது மகனின் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் விட்டபின் வந்த வெட்கம்தான் முறித்தது. இரண்டு வகுப்பு விட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுக்காததால், அந்த முடிவை வெட்கம் எடுத்துவிட்டது. ஆகவே இப்போதே எழுதி வையுங்கள். மழை பெய்தால், கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் இருவரும் அரை மணி நேரம் சுற்றி நடப்போம். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் அன்று நடை இல்லை, சுகமான அடுத்த காலை ஐந்தரைக்குப் படியில் நிற்பேன், அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அக்கா ஊருக்குப் போனால் தனியே நடப்பேன். இவ்வளவுதான், ஒரு துண்டுக் கடதாசி போதும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

குடும்ப வட்ஸ்அப் குழுவில் மட்டும் போட வேண்டாம். போன தை மாதம் சிங்களம் படிக்கப்போவதாக அதில் போட்டதையும், எல்லோரும் கைதட்டியதையும் முழுக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். தான் யாராக வேண்டும் என்பதைப் பலருக்கு அறிவித்து, அவர்கள் அதைக் கவனித்துவிட்டாலே, பாதித் தூரம் வந்துவிட்டதுபோன்ற திருப்தி வந்து உழைப்புக் குறைகிறது என்று 2009இல் கோல்விட்சரின் குழு காட்டியது. கைதட்டுபவர் பலர் வேண்டாம். ஐந்தரைக்குக் காத்து நிற்கும் ஒருவர் போதும்.

இன்னொரு விஷயம். சில மாதமாக நித்திரை சரியில்லை, முன்பு பிடித்தவை இப்போது பிடிப்பதில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அப்பா போன துயரம் அதில் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அதை உறுதிக் குறைவு என்று உங்கள்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். அடுத்த தரம் சீனி பார்க்கப் போகும்போது டொக்டரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மேல்மாடிக்குப் போங்கள். படியில் தற்செயலாகக் காணும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களாகவே போய்க் கதவைத் தட்டுங்கள். சொல்ல வேண்டிய சிங்களம் இவ்வளவுதான்: “ஹெட்ட மங் எனவா. பஹய் திஹட்ட.” நாளைக்கு நான் வாறன், ஐந்தரைக்கு. அவர் சிரித்துக்கொண்டு பதிலுக்கு ஏதோ சொல்வார். அது விளங்காவிட்டால் பரவாயில்லை. என்ன சொன்னீர்கள் என்று திங்கட்கிழமை காலை நடக்கும்போது கேட்டு, கொப்பியின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.